பதினாலாவது வடிவத்தில் இல்லாத வளையம்

எங்கள் ராக்கெட் வடிவமைப்பு வாரியத்தில் சமீபம் வரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போடுவோம். ஒரு ராக்கெட்டும் கட்டவில்லையே, அப்புறம் விபத்து எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கலாம். இதையே ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணும் கேட்டாள். தலைவர் சிரித்தார். "கட்டுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. கட்டாம இருக்கிறதுக்குத்தான் பொறுமை வேணும்" என்றார். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். நானும் குறித்துக்கொண்டேன். நான் அங்கே சுருக்கெழுத்தாளன். யார் எதை உளறினாலும் குறித்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

வாரியம் இதுவரை பதினாலு ராக்கெட்டுகளை வடிவமைத்திருக்கிறது. பதினாலு தலைவர்கள் வந்து போனார்கள், அதனால் பதினாலு. புதிதாக வருகிறவர் முதலில் நாற்காலியைத் துடைக்கச் சொல்வார், திரைச்சீலையை மாற்றச் சொல்வார், பிறகு முன்னவர் கையெழுத்துப் போட்ட வடிவத்தை மேஜையில் விரித்து உதட்டைப் பிதுக்குவார். முன்னவர் ராக்கெட்டைப் போய்க் கட்டுவதா? அது முன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. உடனே புது வடிவம். முன்னது ஒல்லி என்றால் இது குண்டு. முன்னதற்கு நாலு இறக்கை என்றால் இதற்கு ஒன்றும் கிடையாது. அவர் ஓய்வு பெறுகிற அன்றைக்கு அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம். அதைக் கொண்டுபோய் வீட்டில் சோபாவுக்கு மேலே மாட்டிக்கொள்வார். ராக்கெட் அதுவரைதான் உயரும்.

வரைந்தவர்களுக்கும் அந்த எண்ணே பெயராகிவிட்டது. "எட்டு இன்னிக்கு லீவா?" "பதினொண்ணுக்குக் கண்ல ஆபரேஷனாம், பாவம்." இப்படித்தான் பேசிக்கொள்வோம். இந்தக் கதை பதினாலைப் பற்றியது. வாரியக் குடியிருப்பில் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் பெயருக்கு. அவர்கள் வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எங்கள் வீட்டில் குனிந்து தேடுவோம். நல்ல மனுஷன். யாராவது தன் காலை மிதித்துவிட்டால் அவர்தான் "மன்னிச்சுக்கோங்க" என்பார். அந்த நல்ல குணத்தை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. கோழைத்தனத்துக்கு நாம் வைத்திருக்கிற மரியாதையான பெயர் அது.

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நாள் முழுக்க நின்று வேலை. விடுமுறை நாளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்; கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. ராக்கெட் கட்டி விடுகிற விளையாட்டு. சும்மா படபடவென்று சுடுகிற ரகம் இல்லை. எடை, எரிபொருள், காற்று, சுற்றுப்பாதை எல்லாம் நிஜத்தில் இருக்கிற கணக்குப்படியே இருக்கும். தப்பாகக் கட்டினால் விழும். அந்தக் கம்ப்யூட்டருக்காக இரண்டு வருஷம் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தாள். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே பொருள் அது.

ஒருநாள் சமையலறை அலமாரியில் விரித்திருந்த பழைய வாரியக் காலண்டரைப் பார்த்திருக்கிறாள். மாதத்துக்கு ஒரு ராக்கெட் படம், முன்னட்டையிலும் பின்னட்டையிலும் ஒவ்வொன்று, அளவுகளோடு. "எத்தனை வருஷமா நம்ம ராக்கெட், நம்ம ராக்கெட்னு சொல்றே. ஒண்ணாவது பறக்க விட்டுப் பார்க்கலாம்ப்பா" என்று டப்பாக்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தாளை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாவது வடிவம் மேலே போய், சுழன்று, கடலில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"ஏன்ப்பா, கீழ் அடுக்குல எண்ணெய் தீர்ந்ததும் அது கழண்டு விழணும் இல்ல? அப்பத்தானே மேல் அடுக்கு லேசாகிப் போகும்? கழட்டி விடற வளையம் எங்க? படத்துலயே காணோமே?"

"அது... அது அப்படித்தான். அதுல ஒரு விஷயம் இருக்கு" என்றார் பதினாலு.

என்ன விஷயம் என்று நான் சொல்கிறேன். ஆரம்பத்தில் வளையம் இருந்தது. வாரியத்தில் கீழடுக்குத் துறை என்று ஒரு கட்டடம், மேலடுக்குத் துறை என்று எதிரே ஒரு கட்டடம். முதல் வடிவம் ஒப்புதலுக்கு வந்தபோது, அப்போதைய கீழடுக்குத் தலைமைப் பொறியாளர் எழுந்து நின்றார். "உயிரைக் கொடுத்துத் தூக்கிட்டுப் போறது நாங்க. பாதி வழியில எங்களைக் கழட்டிக் கடல்ல போட்டுட்டு இவங்க மட்டும் மேல போவாங்களா? என் துறை ஆளுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று தேம்பி அழுதுவிட்டார். கூட்டமே கலங்கிவிட்டது. வளையத்தை நீக்கினார்கள். அதற்குப் பிறகு கீழடுக்குப் படம் ஒரு புள்ளிக்கோட்டில் முடியும். மேலடுக்குப் படம் ஒரு புள்ளிக்கோட்டில் தொடங்கும். நடுவில் உள்ளதைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. புதிதாகச் சேர்கிற பொறியாளர்கள் முதல் வாரம் கேட்பார்கள். இரண்டாவது வாரம் கேட்க மாட்டார்கள்.

நர்ஸ் அம்மா அந்த வழக்கத்துக்குள் வராதவள். விளையாட்டிலேயே இருந்த ஒரு வளையத்தை எடுத்து நடுவில் மாட்டினாள். அவ்வளவுதான். ஒல்லி பறந்தது, குண்டு பறந்தது, இறக்கை உள்ளது, இல்லாதது எல்லாம் பறந்தன. பதினாலாவது வடிவம் பூமியைச் சுற்றி வந்தது. அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கைதட்டிக் கத்தினது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "பார்த்தியா! உன்னோடது! உன்னோடதுதான்பா!" பதினாலு வெளியே வந்து கொடியில் காய்கிற துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதிருப்பார் போலிருக்கிறது. அந்த ஒரு சாயங்காலம்தான் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது.

அவள் அதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். 'என் வீட்டுக்காரர் வரைந்த ராக்கெட்' என்று தலைப்பு. பார்த்தவர்கள் எண்ணிக்கை எகிறியது. தலைவரும் பார்த்துவிட்டார்.

மறுநாள் பதினாலைக் கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு வந்தார். நான் குறிப்பேட்டோடு ஓரத்தில் இருந்தேன்.

"உட்காருங்க பதினாலு. பறந்துடுச்சாமே?"

"சார், அது வந்து... விளையாட்டு சார்."

"யார் விளையாட்டுன்னு சொன்னது? கணக்கு நிஜம்தானே? அமைச்சக மேடம் போன வாரம் கேட்டாங்க, இத்தனை காலமா என்னத்தைப் பறக்க விட்டீங்கன்னு. நான் பதில் சொல்ல முடியாம தண்ணி குடிச்சேன். மூணு டம்ளர். இப்ப பதில் கிடைச்சிருக்கு. கட்டினா செலவு. விழுந்தா அவமானம். இதுல ரெண்டும் கிடையாது. இவ்வளவு நாள் ஏன் நமக்கு இது தோணலைன்னுதான் எனக்கு வருத்தம்." மேஜையைத் தட்டினார். "மேடம் முன்னாடி அதிகாரபூர்வமா ஏவுறோம். ஏற்பாடு பண்ணுங்க."

எங்கே ஏவுவது என்பதில் சிக்கல். வாரியத்தின் கம்ப்யூட்டர்களில் இந்த விளையாட்டு ஓடாது; அவை தட்டச்சுக்கே மூச்சு வாங்கும். புதிது வாங்க ஒப்புதல் வருவதற்குள் இன்னொரு தலைவர் வந்துவிடுவார். தனியார் கம்ப்யூட்டரை வளாகத்துக்குள் கொண்டுவரப் பாதுகாப்புப் பிரிவு விடாது. கடைசியில் பதினாலின் வீட்டுக் கூடத்தையே ஏவுதளம் என்று அறிவித்தார்கள்.

ஒப்புதல் கூட்டம் வைத்தார்கள். வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். கீழ் அடுக்கு கழன்று விழுகிற இடம் வந்ததும் கீழடுக்குத் தலைமைப் பொறியாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த நாளில் அழுதவரின் மருமகன்தான் இவர்.

"இது என்ன? யாரைக் கேட்டு எங்களைக் கழட்டினீங்க?"

மேலடுக்குத் தலைமைப் பொறியாளரும் விடவில்லை. "கழட்டுற வேலையெல்லாம் எங்க வேலை இல்லைங்க. நாங்க கௌரவமா மேல உட்கார்ந்திருக்கிறவங்க."

ஒரு மணி நேரம் கத்தினார்கள். தலைவர் கையை உயர்த்தினார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "நண்பர்களே, வளையம் நல்லதா கெட்டதான்னு நான் பேச வரலை. வளையம் வேணும்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டோம்னா, இவ்வளவு காலமா வளையம் இல்லாம என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். தப்பு பண்றதுல தப்பே இல்லை. அதைத் திருத்தினா, தப்பு பண்ணினது வெளிய தெரிஞ்சுடும். அதுதான் தப்பு. அதனால, வாரியம் ஒப்புதல் கொடுத்த படத்துல என்ன இருக்கோ அதுதான் பறக்கணும்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பதினாலும் தட்டினார்.

"படத்துல இருக்கிற மாதிரி விட்டா விழுந்துடும் சார்" என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

"விழும்னு நான் சொன்னேனா? படத்துல இருக்கிற மாதிரியே பண்ணணும்னு நீங்க வீட்ல சொல்லிடுங்க. வாய்மொழியா சொன்னா போதும். பேப்பர்ல வேண்டாம்."

அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல்.

"வளையத்தை எடுத்துடவா? அது விழும்பா. சத்தியமா விழும். அத்தனை பேர் முன்னாடி உன் ராக்கெட் விழணுமா?"

"படத்துல இருக்கிற மாதிரி பண்ணுன்னுதான் சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

பதினாலு சொன்னார்: "நானும் அதையேதான் சொல்றேன்."

"சரி. உனக்காகத்தான் எடுக்கிறேன். இதை ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள்.

ஏவுதல் நாள் வந்தது. காலையிலேயே பாதுகாப்பு அதிகாரி நாலு ஆட்களோடு வந்து சமையலறையில் நுழைந்தார். தீப்பிடிக்கும் பொருள் என்று கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே பூட்டினார்கள். அதிர்வு வரக்கூடும் என்று கண்ணாடி டம்ளர்களைத் துணியில் சுற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பக்கத்து வீடு என்றால் என் வீடு. என் மனைவி கோபத்தோடு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் மட்டும் குறிப்பேட்டோடு உள்ளே போனேன், கடமை.

கூடத்தில் முப்பது பேர். சோபாவில் அமைச்சக மேடம், பக்கத்தில் தலைவர். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள். அது திரையை மறைத்ததால் சற்றே ஒதுக்கி வைத்தார்கள். நர்ஸ் அம்மா ஆஸ்பத்திரியில் கெஞ்சி ஒருநாள் லீவு வாங்கி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஓர் அதிகாரி ஓடி வந்து, "ஆபரேட்டர் எழுந்து நில்லுங்க, மேடம் சோபாவை விட உங்க நாற்காலி உயரமா இருக்கு" என்றார். நின்றபடியே மவுஸைப் பிடித்துக்கொண்டாள்.

எண்ணுவதில் தகராறு வந்தது. பத்திலிருந்து யார் எண்ணுவது? கீழடுக்கா மேலடுக்கா? பேசி முடித்து, பத்து முதல் ஆறு வரை கீழடுக்கு, நாலு முதல் பூஜ்யம் வரை மேலடுக்கு என்று முடிவாயிற்று. ஐந்தை யார் சொல்வது என்பதில் உடன்பாடு வராததால் ஐந்தை விட்டுவிட்டார்கள். ஆறுக்கும் நாலுக்கும் நடுவில் எல்லோரும் ஒரு நொடி கூரையைப் பார்த்தோம்.

ராக்கெட் கிளம்பியது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் போயிற்று. மேடம் கைதட்டினார், எல்லோரும் தட்டினோம். "அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது" என்று மேடம் கிளம்பிவிட்டார். நல்ல வேளை என்று தலைவர் மூச்சுவிட்டார். மேடத்தின் கார் தெரு திரும்புவதற்குள் கீழ் அடுக்கில் எண்ணெய் தீர்ந்தது. காலி டப்பா கழலவில்லை. மேல் அடுக்கு அதைச் சுமந்துகொண்டு திணறியது, சரிந்தது, தலைகீழாகச் சுழன்றது. உள்ளே தொப்பி போட்ட ஒரு பொம்மை விமானி. அது கடைசி வரை சிரித்துக்கொண்டே இருந்தது. கடலில் ஒரு வெள்ளைத் தெறிப்பு, அவ்வளவுதான்.

நர்ஸ் அம்மா திரும்பிப் பதினாலைப் பார்த்தாள். அவர் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "உள்ள ஆள் இருந்தாரா?"

"இருந்தார் சார்" என்றார் யாரோ.

"நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தமா?"

"சார், அது பொம்மை."

"அப்ப ஒப்பந்தம்னு போட்டுக்கோங்க" என்று என்னிடம் சொன்னார். போட்டுக்கொண்டேன். பிறகு எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். கீழடுக்குத் தலைமைப் பொறியாளர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நாங்க கூடவே இருந்தோம்" என்று பெருமையாகச் சொன்னார்.

வாரிய வரலாற்றில் முதல் விபத்து. கம்ப்யூட்டரைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். விபத்து நடந்த இடத்தில் எதையும் நகர்த்தக் கூடாது என்று மாலையைக்கூட எடுக்க விடவில்லை. அது வாடி நாறியது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவள் டியூட்டிக்குப் போகும்போது நாடாவுக்குக் கீழே குனிந்து போவாள், வரும்போது குனிந்து வருவாள். வாசலில் நின்ற காவலாளி ஒவ்வொரு முறையும் பையைத் திறந்து காட்டச் சொன்னான். சொந்த வீட்டுக்குள் நுழைய!

"நீங்க தப்பா நினைக்காதீங்க அண்ணா, எனக்கு விழுந்ததுல வருத்தம் இல்லை" என்று ஒருநாள் மாடிப்படியில் என்னிடம் சொன்னாள். "அவர் ஒரு வார்த்தை, 'நான்தான் எடுக்கச் சொன்னேன்'னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. தலையையா வாங்கிடுவாங்க? அவர் சொல்லுவார் அண்ணா. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான்." நான் தலையாட்டினேன். வாரியத்தில் நானும் பல காலம் இருக்கிறேன். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்தது. தலைமை, முன்னாள் பன்னிரண்டு. பதினாலுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லிக்கொள்வார். கற்றுக்கொடுத்தது பென்சில் சீவ மட்டும்தான். சாப்பாட்டு மேஜையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஓரத்தில்.

பன்னிரண்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் பதினாலைத் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார், என் காது தாழாது.

"தம்பி, ஒரு விதி இருக்கு. வாரிய வேலையில குடும்பத்து ஆளை ஈடுபடுத்தக் கூடாது. ஈடுபடுத்தினா வேலை காலி, வீடும் காலி. ஆபரேட்டர் உங்களுக்கு என்ன உறவுன்னு நான் கேட்டாகணும். நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

திரும்பி வந்த பன்னிரண்டு உட்காரும்போது தலைக்கு மேலே பார்த்தார். சுவரில் கல்யாணப் போட்டோ. பதினாலு கோட்டுப் போட்டுக்கொண்டு விறைப்பாக, அவள் சிரிப்பை அடக்க முடியாமல்.

"அது அங்க இருந்தா குறிப்புல சேர்க்க வேண்டி வரும்" என்றார் பன்னிரண்டு, கூரையைப் பார்த்து.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பதினாலு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். போட்டோவைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி செருகினார். ஒரு மனுஷன் தன் வீட்டிலேயே திருடுகிற மாதிரி இருந்தது. அடக் கண்றாவியே என்று நான் குறிப்பேட்டில் பார்வையைப் புதைத்துக்கொண்டேன்.

நர்ஸ் அம்மா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிக்கலாம்" என்றார் பன்னிரண்டு. "ஏவுதலை இயக்கிய பெண்மணியை உங்களுக்குத் தெரியுமா?"

பதினாலு மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"பார்த்திருக்கேன் சார்."

அவள் தட்டோடு கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டு ஆடவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கை. நேராக வந்து ஒவ்வொருவர் முன்னாலும் டீயை வைத்தாள். அவர் முன்னாலும் வைத்தாள். எனக்கும் வைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'பார்த்திருக்கிறேன்' என்று எழுதிவிட்டு நிமிராமல் இருந்தேன்.

"எங்க பார்த்திருக்கீங்க?" இரண்டாவது உறுப்பினர் ஆர்வமாகக் கேட்டார். அவருக்கு விதி பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

"இந்தப் பக்கம்... வரும்போது போகும்போது" என்றார் பதினாலு.

பன்னிரண்டு திருப்தியாகத் தலையாட்டினார். அவளிடம் திரும்பினார். "அம்மா, முதல் வீடியோல வளையம் இருக்கு. அதிகாரபூர்வ ஏவுதல்ல வளையம் இல்லை. எடுக்கச் சொன்னது யாரு?"

அவள் பதினாலைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். கோபமே இல்லை அதில். கூட்டத்தில் தெரிந்த முகம் மாதிரி இருக்கிறதே என்று ஒருவரை உற்றுப் பார்த்து, இல்லை, வேறு யாரோ என்று முடிவுக்கு வருகிற பார்வை. அவர் வாயைத் திறந்தார். திறந்தார் என்று நான் சத்தியம் செய்வேன். திறந்து, டீயைக் குடித்தார்.

"யாரும் சொல்லலைங்க" என்றாள் அவள். "நான்தான் மாட்ட மறந்துட்டேன்."

"ரொம்ப நல்லது" என்றார் பன்னிரண்டு. முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்தார், நான் வேகமாக எழுதினேன். "வாரியத்தின் வடிவத்தில் குறை எதுவும் இல்லை. வடிவத்தில் இல்லாத வளையத்தை மாட்டத் தவறியது வாரியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனிநபரின் கவனக்குறைவு. அந்தத் தனிநபர் இனிமேல் ராக்கெட் எதையும் ஏவக் கூடாது. கருவி சான்றுப் பொருளாக எடுத்துக்கொள்ளப்படுகிறது."

"வடிவத்துல இல்லாததை எப்படி சார் மாட்டத் தவற முடியும்?" என்று இரண்டாவது உறுப்பினர் கேட்டார். அவரும் புதிதாகச் சேர்ந்தவர்தான், முதல் வாரம்.

"அதைத்தான் கவனக்குறைவுன்னு சொல்றோம்" என்றார் பன்னிரண்டு.

இரண்டு ஆட்கள் வந்து நாடாவை அறுத்தார்கள். கம்ப்யூட்டரை வயரோடு சுருட்டித் தூக்கினார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். "திரையைக் கவுத்துப் பிடிக்காதீங்க, கீறல் விழும்" என்று மட்டும் சொன்னாள். கீழே ஜீப்பில் ஏற்றினார்கள். அதுவும் வாரிய வளாகத்துக்குள் போகாது, தனியார் பொருள். கேட்டுக்கு வெளியே காவலாளி அறையில் போட்டுவிட்டார்கள். இப்போது அதன்மேல் அவன் குடையைக் காய வைக்கிறான்.

பன்னிரண்டு புறப்படும்போது பதினாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தலைவர் உங்களைப் பத்தி விசாரிச்சாரு. பதினஞ்சாவது வடிவத்துக்கு நீங்கதான் தலைமை. நிதானமான ஆள்னு சொல்லியிருக்கேன்."

"நன்றி சார்" என்றார் பதினாலு. அந்த நன்றியைக் கேட்க எனக்கே கூசியது.

எல்லோரும் போய்விட்டார்கள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசி சதுரமாகத் தெரிந்தது. அவள் துணியை எடுத்து வந்து அதைத் துடைத்தாள். பதினாலு ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து போட்டோவை எடுத்து, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, ஆணியில் மாட்டப் போனார். இரண்டு தடவை தவறியது.

"இங்க பாரு... எனக்கு வேற வழி தெரியலை. வேலை போயிடும்னு பயந்துட்டேன். நம்ம ரெண்டு பேருக்காகத்தான்..." குரல் உடைந்தது. அவர் அழுகிறார் என்று அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மேஜையைத் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்தாள்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க, சார்" என்றாள்.

"சரிம்மா" என்று நான் அவசரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"உங்களைச் சொல்லலை அண்ணா" என்றாள். "நீங்க உட்காருங்க. டீ ஆறிப் போச்சு, வேற போட்டுத் தர்றேன்."

பதினாலு போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். அவர் போட்டோவை மேஜை மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.